மலையைச் சுற்ற ஒரு படுக்கை வேண்டும்

ஷாமொனியில் காரில் ஏறி உட்கார்ந்தால் கூர்மாயோர் அரை மணி நேரத் தூரம். மோன் பிளாங்க் மலையின் வயிற்றைக் குடைந்து 1965-இல் திறந்த 11.6 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்குள் பிரான்ஸில் நுழைந்து, இத்தாலியில் வெளியே வந்துவிடலாம். அதே கூர்மாயோருக்கு மலையைச் சுற்றி நடந்து போகிறவர்களுக்கு நான்கு நாள் ஆகிறது. அங்கே நின்றுவிடாமல் சுவிட்சர்லாந்துக்குள்ளும் புகுந்து முழுச் சுற்றையும் முடித்துத் திரும்ப, இன்னும் ஆறேழு நாள். குறுக்கு வழி இருக்கும்போதே சுற்று வழியைத் தேடி ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள்.

'டூர் டு மோன் பிளாங்க்' என்பது இந்த நடையின் முழுப்பெயர். நடப்பவர்கள் வாயில் அது டி.எம்.பி. தூரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 10,000 மீட்டர் வரும். கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சிவரை அளந்தாலும் 8,849 மீட்டர்தான். ஆனால் இந்த 10,000 மீட்டரில் யாரும் எந்தச் சிகரத்திலும் கால் வைப்பதில்லை. வழியின் மிக உயரமான இடங்களே 2,665 மீட்டர்தான், அவையும் மாற்றுப்பாதைகளில் இருப்பவை. நல்ல கோடையில் கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம், பனியாற்றைக் கடக்க வேண்டாம். நடுவில் நிற்கும் சிகரம் 4,800 மீட்டருக்குச் சற்று மேலே. 'சற்று' என்பதற்குக் காரணம் உண்டு. உச்சியில் இருப்பது பாறை அல்ல, பனித்தொப்பி. காற்றுக்கும் பனிப்பொழிவுக்கும் ஏற்ப அது வளரும், தேயும். 2021-இல் அளந்தபோது 4,807.81 மீட்டர், 2023-இல் 4,805.59.

வழக்கமாக ஷாமொனிக்குப் பக்கத்திலுள்ள லெ ஊஷ் கிராமத்தில் தொடங்கி, மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். நம் கோயில் கணக்கில் இது அப்பிரதட்சிணம்.

சுற்றுவதற்கு எதற்கு இத்தனை ஏற்ற இறக்கம்? மலையின் அடிவாரத்தையே பிடித்துக்கொண்டு சமதளமாகச் சுற்றினால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை மலையின் வடிவத்தில் இருக்கிறது. மோன் பிளாங்க் தனியாக நிற்கும் குன்று அல்ல, ஒரு பெரிய மலைத்திரள். வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல அதைச் சுற்றிலும் முகடுகள் நீள்கின்றன. இரண்டு முகடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிப் போகிறவர் ஒவ்வோர் ஆரத்தையும் தாண்டியாக வேண்டும், அதற்கு முகட்டின் தாழ்ந்த இடமான கணவாயைத் தேடி ஏற வேண்டும், மறுபக்கம் அடுத்த பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். காலையில் ஏற்றம், மதியம் கணவாய், மாலையில் இறக்கம். மறுநாளும் அதே. பொனோம் கணவாய் 2,329 மீட்டர். பிரான்ஸிலிருந்து இத்தாலிக்குள் விடும் செய்ன் கணவாய் 2,516. இத்தாலியிலிருந்து சுவிட்சர்லாந்துக்குள் விடும் பெரிய ஃபெரே கணவாய் 2,537. மீண்டும் பிரான்ஸுக்குள் விடும் பால்ம் கணவாய் 2,200 அளவில். எல்லைகளில் கடவுச்சீட்டு கேட்க ஆள் கிடையாது. ஒரு கல், ஒரு பெயர்ப்பலகை, விசிறியடிக்கும் காற்று, அவ்வளவுதான்.

இந்தப் பாதைகளை யாரும் சுற்றுலாவுக்காகப் போடவில்லை. மாடு ஓட்டியவர்களும், கழுதையில் சரக்கு ஏற்றியவர்களும், படைவீரர்களும் போட்ட தடங்களை ஒன்றோடொன்று தைத்ததுதான் டி.எம்.பி. செய்ன் கணவாயைத் தாண்டினால் வரும் சின்னக் கட்டடம் ஒரு காலத்தில் எல்லைக் காவலர்களின் தங்குமிடம். இன்று நாம் எல்லை என்று நினைப்பதே அவ்வளவு பழையதல்ல. பிரான்ஸ் பக்கத்துச் சவோயும் இத்தாலிப் பக்கத்து அவோஸ்தா பள்ளத்தாக்கும் 1860 வரை ஒரே அரச குடும்பத்தின் கீழ் இருந்தவை. அந்த ஆண்டு சவோய் பிரான்ஸுக்குக் கைமாறியது. அவோஸ்தாவில் இன்றும் பிரெஞ்சு ஆட்சிமொழிகளில் ஒன்று. கூர்மாயோர் என்ற பெயரே இத்தாலியப் பெயர்போல ஒலிப்பதில்லை அல்லவா? சிகரத்தின் உச்சி யாருக்கு என்பதில் மட்டும் இரு நாடுகளின் வரைபடங்களும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை.

இதை முதலில் சுற்றியவர் என்று பெயர் வாங்கியவர் ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் ஒராஸ் பெனடிக்ட் தெ சோஸ்யூர். ஆண்டு 1767. சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அவர் 1760-லேயே அறிவித்திருந்தார். ஷாமொனிக்காரர்களான ஜாக் பால்மாவும் மருத்துவர் மிஷேல் பக்கார்டும் உச்சியைத் தொட்டது 1786 ஆகஸ்ட் 8-இல். ஆக, மலையை ஏறுவதற்கு 19 ஆண்டுகள் முன்பே அதைச் சுற்றியாயிற்று. ஏறுவதற்குத் துணிச்சல் வேண்டும். சுற்றுவதற்கு வேண்டியது இரவு தங்க ஓர் இடம்.

டி.எம்.பி.யைப் பற்றிப் பேசுகிறவர்கள் கணவாய்களைப் பற்றியும் காட்சிகளைப் பற்றியும் பேசுவார்கள். என்னைக் கேட்டால், இந்த நடையைச் சாத்தியமாக்கியது பாதை அல்ல, படுக்கை. கூடாரம், அடுப்பு, அரிசி, படுக்கைப்பை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டால் முதுகில் 15 கிலோவுக்குக் குறையாது. அந்தச் சுமையோடு பத்து நாள் தினமும் ஆயிரம் மீட்டர் ஏறி ஆயிரம் மீட்டர் இறங்க எத்தனை பேரால் முடியும்? இரவுச் சாப்பாடும் போர்வையும் வழியிலேயே காத்திருந்தால் முதுகுப்பை ஏழெட்டுக் கிலோவில் அடங்கிவிடும். 60 வயதுக்காரரும் நடக்கலாம், பள்ளி விடுமுறையில் வந்த பிள்ளையும் நடக்கலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்பதை முடிவு செய்வது கால் அல்ல, அடுத்த குடில் எங்கே இருக்கிறது என்பதுதான்.

மலைக்குடிலுக்குப் பிரெஞ்சில் 'ரெஃபூஜ்', இத்தாலியனில் 'ரிஃபூஜியோ', பிரெஞ்சு பேசும் சுவிஸ் பக்கத்தில் 'கபான்'. முதல் இரண்டுக்கும் நேர்ப்பொருள் புகலிடம். அப்படிப் புகலிடம் தந்தவர்களில் முதலில் வருகிறவர்கள் துறவிகள். இந்தச் சுற்றிலிருந்து ஒரு பள்ளத்தாக்கு தள்ளி, 2,469 மீட்டர் உயரத்தில், பெரிய புனித பெர்னார்ட் கணவாயில் 11-ஆம் நூற்றாண்டு முதல் ஒரு மடம் இருக்கிறது. பனியில் சிக்கும் வணிகருக்கும் யாத்திரிகருக்கும் துறவிகள் அங்கே சூப்பும் படுக்கையும் கொடுத்தார்கள். இன்றும் வருவோரைத் தங்க வைக்கிறார்கள். அடுத்தது இடையர்களின் கோடைக் கொட்டில்கள்: ஜூனில் மாடுகளோடு மேலே போய், செப்டம்பரில் பாலாடைக்கட்டியோடு கீழே வருகிறவர்கள் தங்கியவை. மூன்றாவதாக வந்தவர்கள் சிகரம் ஏறுகிறவர்கள். ஷாமொனி வழிகாட்டிகள் 1853-இல் மோன் பிளாங்க் ஏறும் வழியில், பனியாறுகளுக்கு நடுவே கிராண் முலே பாறைமேல் ஒரு குடில் கட்டினார்கள். 1863-இல் சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் ஆல்பைன் கழகங்கள் பிறந்தன. சுவிஸ் கழகம் பிறந்த ஆண்டிலேயே டோடி மலையில் தன் முதல் குடிலை எழுப்பிவிட்டது. பிரெஞ்சுக் கழகம் 1874-இல் வந்தது. சிகரத்துக்குக் கிளம்புகிறவன் நள்ளிரவில் எழுந்து போக வேண்டும், அதற்கு முன் நாலு மணி நேரம் கண்மூட ஒரு பலகை வேண்டும். கழகக் குடில்களின் தொடக்கம் இவ்வளவுதான். சும்மா சுற்றி நடக்கிறவர்களை மனத்தில் வைத்து அவற்றை யாரும் கட்டவில்லை. அவர்கள் பிற்பாடு வந்து, ஏற்கெனவே விரித்திருந்த பாயில் படுத்துக்கொண்டவர்கள்.

டி.எம்.பி. வழியில் இந்தப் பரம்பரை முழுவதையும் ஒரு வாரத்துக்குள் பார்த்துவிடலாம். செய்ன் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் மோத்தே குடில் பழைய பால்பண்ணை. மறுபக்கம், லெக்ஸ் பிளான்ஷ் பனியாற்றின் கீழே, 2,195 மீட்டரில் நிற்கும் எலிசபெட்டா, இத்தாலிய ஆல்பைன் கழகத்தின் மலையேற்றக் குடில். கூர்மாயோரைத் தாண்டி ஒரு நாள் நடந்தால் வரும் பொனாட்டி, நடப்பவர்களுக்காகவே 1998-இல் திறந்த தனியார் குடில், எதிரே 4,208 மீட்டர் உயர கிராண்ட் ஜொராஸ் சுவர்போல நிற்கும். மலையேற்றக்காரர் வால்டர் பொனாட்டியின் பெயரைத் தாங்கியது அது. 1954-இல் கே2 மலையில், 8,000 மீட்டருக்கு மேலே, கூடாரமும் படுக்கைப்பையும் இல்லாமல் பாகிஸ்தானின் ஹன்சாவைச் சேர்ந்த சுமைதூக்குநர் மஹ்தியோடு பனியில் ஓர் இரவைக் கழித்து உயிரோடு இறங்கியவர் அவர். வெந்நீர்க் குளியலும் சூடான சாப்பாடும் கிடைக்கும் ஒரு கட்டடத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததோ என்னவோ.

குடிலில் மாலை எப்படி இருக்கும்? வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே போட அவர்களே செருப்பு அடுக்கி வைத்திருப்பார்கள், நம் அளவு கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். டார்மிட்டரியில் சில இடங்களில் அடுக்குக் கட்டில், சில இடங்களில் நீளமான மேடை, அதில் வரிசையாக மெத்தைகள். போர்வையும் தலையணையும் தருவார்கள். அதற்கு உள்ளே விரித்துக்கொள்ளும் மெல்லிய துணி உறையை நாம் கொண்டுபோக வேண்டும். தினமும் போர்வை துவைக்கத் தண்ணீர் ஏது? குளியலுக்குப் பல இடங்களில் டோக்கன். சில நிமிடம் வெந்நீர் வரும், அப்புறம் நின்றுவிடும். தலையில் சோப்பு இருந்தால் அது நம் பாடு. இரவுச் சாப்பாடு ஏழு மணிவாக்கில் எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே உணவு, நீள மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு தோள் உரசி. முதலில் சூப். பிறகு இத்தாலிப் பக்கம் மக்காச்சோளக் களியான பொலென்டா, மேலே உருகிய ஃபொன்டினா கட்டி. பிரான்ஸ் பக்கம் பொஃபோர். சுவிஸ் பக்கம் ராக்லெட். இந்த மூன்று பாலாடைக்கட்டிகளும் பகலில் நாம் தாண்டி வந்த மாடுகளின் உறவுக்காரர்கள். சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். வந்து நின்றுகொண்டு சொன்னால் ஆம்லெட்டும் முகச்சுளிப்பும் கிடைக்கலாம். பத்து மணிக்கு விளக்கு அணையும். அப்புறம் குறட்டை. காதடைப்பான் இல்லாமல் போனவர்கள் அடுத்த ஊரில் முதலில் தேடுவது அதைத்தான்.

வந்ததும் பெயர் எழுதும் பதிவேட்டை வெறும் கணக்கு நோட்டு என்று நினைத்துவிடக் கூடாது. நாளை எங்கே போகிறேன் என்பதையும் அதில் எழுதுவது பழைய மலை வழக்கம். ஒருவர் வந்து சேரவில்லை என்றால் தேடுவதற்கு முதல் நூல்முனை அதுதான். குடில் காப்பாளர் பெயரளவில் சமையலும் கணக்கும் பார்ப்பவர். உண்மையில் அந்தப் பகுதியின் வானிலை நிலையமும் அவரே. நாளை மதியம் இடி வரும், பதினொன்றுக்குள் கணவாயைத் தாண்டிவிடுங்கள் என்று அவர் சொன்னால், கைபேசிச் செயலி என்ன காட்டினாலும் அவர் பேச்சைக் கேட்பது நல்லது. ஆல்ப்ஸின் கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் மூளுவது. முகட்டில் அப்போது நம்மைவிட உயரமாக வேறெதுவும் இருக்காது.

விபத்து என்றால் மூன்று நாட்டுக்கும் எண் ஒன்று: 112. செலவுக் கணக்கு வேறு வேறு. பிரான்ஸில் அரசின் மலை மீட்புப்படை ஹெலிகாப்டரோடு வந்து தூக்கிச் செல்லும், கட்டணம் கிடையாது. சுவிட்சர்லாந்தில் பில் வீட்டுக்கு வரும். இத்தாலியில், கூப்பிட்டதற்குத் தக்க காரணம் இல்லை என்று முடிவானால் பணம் கட்ட வேண்டியிருக்கும். எந்தப் பள்ளத்தாக்கில் காலை முறித்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது செலவு. காப்பீடு இல்லாமல் போவது முட்டாள்தனம்.

இப்போதைய சிக்கலும் படுக்கையில்தான். பாதையில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நடக்கலாம், அதற்கு அனுமதிச்சீட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. குடிலில் இடம் சில பத்துப் பேருக்குத்தான். திறந்திருப்பது ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, அதிலும் ஜூலைத் தொடக்கம்வரை கணவாய்களில் பனி கிடக்கலாம். ஆக, நல்ல படுக்கைகளுக்குப் போட்டி எட்டு வாரத்துக்குள் நெரிகிறது. அடுத்த கோடைக்கான முன்பதிவு முந்தைய இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பொனாட்டி போன்ற பெயர்பெற்ற குடில்கள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. படுக்கைக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஓர் இரவுக்கு 60 யூரோவுக்குக் குறைந்து பார்ப்பது அரிது, சுவிஸ் பக்கம் இன்னும் ஏறும். பத்து இரவுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். யார் நடக்கலாம் என்பதை முன்பு கால் முடிவு செய்தது, இப்போது அக்டோபரில் கணினிமுன் உட்கார நேரமும் கையில் பணமும் இருப்பவர் யார் என்பது முடிவு செய்கிறது.

இதில் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பத்து இரவையும் எட்டு மாதம் முன்பே சங்கிலிபோலக் கோத்து வைத்தவருக்கு, நடுவில் ஒரு நாள் புயல் வந்தால் நிற்க இடமில்லை. இன்று நின்றால் நாளைய படுக்கை போகும், நாளை மறுநாளையதும் போகும். அதனால் போகக்கூடாத வானிலையிலும் கணவாய் ஏறத் தோன்றும். நின்று பார்த்து, மழை விட்டதும் போகலாம் என்பதுதான் மலைநடையின் அடிப்படை அறிவு. முன்பதிவு முதலில் பறித்துக்கொள்வது அதைத்தான். இதற்கு ஒரே மாற்று, கெட்ட நாளில் பள்ளத்தாக்கில் இறங்கிப் பேருந்தில் அடுத்த ஊருக்குப் போவது. பெரும்பாலான பள்ளத்தாக்குகளில் கோடைப் பேருந்து உண்டு. சுற்று முழுமையடையவில்லையே என்று வருந்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சரி, கூடாரம் கொண்டுபோனால்? அங்கேயும் மூன்று நாட்டுக்கு மூன்று சட்டம். பிரான்ஸில் பல இடங்களில் மாலை 7 மணியிலிருந்து காலை 9 மணிவரை சிறு கூடாரம் போட்டுக்கொள்ளலாம், இயற்கைக் காப்பகங்களில் கட்டுப்பாடு கூடுதல். அவோஸ்தாவில் 2,500 மீட்டருக்கு மேலே மட்டும். டி.எம்.பி.யின் வழக்கமான வழி அங்கே அந்த உயரத்தைத் தொடுவதே எல்லைக் கணவாய்களில்தான், அங்கே காற்றில் யார் தூங்குவார்? சுவிட்சர்லாந்தில் இந்தச் சுற்றின் வழியில் ஏறக்குறைய எங்கும் கூடாது, கேம்பிங் தளத்துக்குப் போக வேண்டும்.

படுக்கையே தேவைப்படாத ஒரு கூட்டமும் உண்டு. 2003 முதல் ஆகஸ்ட் இறுதியில் இதே சுற்றில் யு.டி.எம்.பி. ஓட்டப்பந்தயம் நடக்கிறது. ஷாமொனியில் மாலையில் கிளம்பி இரவெல்லாம் ஓடி, முன்னணியில் இருப்பவர்கள் மறுநாளே திரும்பிவிடுகிறார்கள். முதல் போட்டியை வென்றவர் நேபாளத்தைச் சேர்ந்த தவா ஷெர்பா, 20 மணி நேரத்துக்குச் சற்று மேல். 2022-இல் கிலியன் ஜோர்னே 20 மணிக்குள் வந்தார், 2023-இல் ஜிம் வாம்ஸ்லி அதையும் குறைத்தார். நடப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

சுற்றின் கடைசி இரண்டு நாள் எகுய் ரூஜ் மலைச்சரிவில், ஷாமொனி பள்ளத்தாக்குக்கு மேலே போகிறது. அதுவரை முதுகையும் விலாவையும் காட்டிய மோன் பிளாங்க், இங்கேதான் எதிரே முழுசாக நிற்கிறது. வழியில் சில செங்குத்துப் பாறைகளுக்கு இரும்பு ஏணிகள் வைத்திருக்கிறார்கள், தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பாறைகளில் ஐபெக்ஸ் காட்டாடுகள் மனிதரைக் கண்டும் நகராமல் உட்கார்ந்திருக்கும். ஆல்ப்ஸில் ஏறக்குறைய அற்றுப்போன இனம் அது. இத்தாலிய அரசர்கள் தங்கள் வேட்டைக்கென்று கிரான் பரதீசோ மலைப்பகுதியில் ஒதுக்கிக் காத்ததால் தப்பிப் பிழைத்தது. வேட்டைக்காரன் காப்பாற்றிய மிருகம்.

கடைசிக் குடில் பெலாஷா, 2,152 மீட்டரில். அதன் முற்றத்தில் உட்கார்ந்தால் உச்சியிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி வழியும் பொஸ்ஸோன் பனியாறு நேர் எதிரே. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அது வெறும் காட்சியாக இருக்க முடியாது. 1950 நவம்பர் 3-இல் ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் இந்த மலையில் மோதி 48 பேர் இறந்தார்கள். 1966 ஜனவரி 24-இல் பம்பாயிலிருந்து லண்டன் போகும் வழியில், ஜெனீவாவில் இறங்கத் தயாரான 'கஞ்சன்ஜங்கா' என்ற போயிங் 707 உச்சிக்கு அருகே மோதியது. இறந்த 117 பேரில் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர்.

மேலே விழுந்ததைப் பனியாறு விழுங்கி, தன் வேகத்தில் கீழே சுமந்துவந்து, பல பத்தாண்டு கழித்து அடிவாரத்தில் வெளியே தள்ளுகிறது. 2012-இல் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அஞ்சல் பை கிடைத்தது. 2013-இல் ஓர் இளம் மலையேற்றக்காரர் மரகதமும் நீலக்கல்லும் நிறைந்த பெட்டி ஒன்றைக் கண்டெடுத்துக் காவல்துறையிடம் கொடுத்தார். உரியவர் யாரென்று உறுதியாகாததால், 2021-இல் கற்கள் அவருக்கும் ஷாமொனி நகராட்சிக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்தன. 2020 கோடையில் வெளியே வந்தவை செய்தித்தாள்கள். பனியாற்றின் ஓரத்தில் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவர் அவற்றை எடுத்து வெயிலில் ஒவ்வொரு தாளாகக் காயவைத்தார். முதல் பக்கத்தில் எழுத்து அழியாமல் இருந்தது: இந்தியாவின் முதல் பெண் பிரதமராக இந்திரா காந்தி.

பெலாஷாவிலிருந்து லெ ஊஷ் ஏறத்தாழ 1,100 மீட்டர் இறக்கம். முழங்காலுக்குப் பத்து நாளில் இதுதான் மோசமான காலைப்பொழுது. கீழே போனதும் ரயில் இருக்கிறது.